நூறு என்று எழுதியவள்

வீட்டில் அவள் சின்னவள், அவளுடைய அண்ணன் பெரியவன். அம்மா வாயில் அப்படியே பழகிப்போய், தெருவிலும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. அப்பா இறந்தபோது பெரியவனுக்குப் பதினெட்டு வயது, சின்னவளுக்குப் பன்னிரண்டு. அடுத்த மாதமே அவன் பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தான். தான் மேலே படிக்காததைப் பற்றி ஒருநாளும் மூக்கால் அழுததில்லை. தங்கை படிப்பதைத்தான் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவள் சேர்ந்தது தொழிற்சாலைப் பொறியியல். முதலில் கேட்ட பிரிவில் இடம் இல்லை, கிடைத்ததை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

"மெஷின் செய்யக் கத்துக்குடுக்கிறாங்களாடி?"

பெரியவன்தான் விளக்கினான். "மெஷின் இல்லம்மா. மெஷின் முன்னாடி நிக்கிறவன் எப்படி நிக்கணும், கையை எங்க வைக்கணும், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகணும்னு சொல்ற படிப்பு. நாளைக்கு இவ வந்து என்னையே வேலை வாங்குவா, பாரு."

இரண்டாம் ஆண்டில் அவளுக்கு அந்தப் படிப்பின் மீது பித்துப் பிடித்துவிட்டது. அடுப்பிலிருந்து அலமாரிக்கு அம்மா எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணி, சமையலறையையே புரட்டி அடுக்கினாள். இரண்டு நாள் உப்பைத் தேடித் தேடி அலுத்த அம்மா, மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். பெரியவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கடைசி ஆண்டில் ஆறு வாரம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பயிற்சி செய்ய வேண்டும். பெரியவன் தன் மேலாளரிடம் நயந்து பேசி இடம் வாங்கிக் கொடுத்தான். மேலாளர் அவளுக்குக் கொடுத்த வேலை, பிரஸ் பகுதியில் ஒரு மூடி அடிக்க எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று அளந்து சொல்வது. ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு மூடி என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்த கணக்குதான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவரைத் தேர்ந்தெடுத்து அளக்க வேண்டும் என்றதும் பிரஸ் பகுதியில் யாரும் முன்வரவில்லை. கடிகாரத்தோடு ஒருத்தி எதிரே நிற்பதை யார்தான் விரும்புவார்கள். பெரியவன் கை தூக்கினான். மறுநாள் முகத்தை மழித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து பிரஸ் முன்னால் நின்றான்.

வேலை பார்வைக்கு எளியது. தகட்டை அச்சில் வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், பிரஸ் இறங்கி ஏறியதும் மூடியை எடுத்துக் கூடையில் போட வேண்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அன்று பெரியவனின் கைகள் ஓடிய ஓட்டம் அவள் கண்ணிலேயே நின்றது. சராசரி ஏழு விநாடி. பக்கத்து பிரஸ்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தார்.

அளந்த நேரத்தை அப்படியே எழுதிவிட முடியாது. எதிரே நிற்பவன் சாதாரண வேகத்தில் செய்கிறானா, அதைவிடக் கூடுதலா, குறைவா என்று அளப்பவர் மதிப்புப் போட வேண்டும். சாதாரண வேகம் என்றால் நூறு. கால் பங்கு கூடுதல் என்றால் நூற்றிருபத்தைந்து. அந்த எண்ணைக் கொண்டுதான், கூடுதல் வேகமென்றால் நேரத்தைக் கூட்டியும் குறைவென்றால் குறைத்தும் சரிசெய்வார்கள். இயந்திரம் இதைச் சொல்லாது, அளப்பவள்தான் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சின்னவளின் பேனா அந்தக் கட்டத்தில் கொஞ்சம் தயங்கியது. அண்ணன் எதையுமே வேகமாகத்தானே செய்வான், அவனுக்கு இதுதான் சாதாரணம் என்று நினைத்தாள். நூறு என்று எழுதினாள். முப்பது சுற்றுக்கும் நூறு.

ஓய்வுக்கும் களைப்புக்கும் உரியதைச் சேர்த்தபின் ஒரு மூடிக்கு எட்டு விநாடி என்று வந்தது. அப்படியென்றால் எட்டு மணி நேர ஷிப்டுக்கு மூவாயிரத்து அறுநூறு. மேலாளர் அறிக்கையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கேம்மா," என்றார். கல்லூரியில் அந்த ஆண்டின் சிறந்த அறிக்கை அதுதான் என்றார்கள். பெரியவன் சைக்கிளில் போய் இனிப்பு வாங்கிவந்தான்.

அடுத்த வாரம் பிரஸ் பகுதியின் பலகையில் 3600 என்று எழுதினார்கள்.

சின்னவள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். நேர்காணல்களுக்குத் தயாராகும் காலம். ஒரு பெரிய நிறுவனத்தின் முதல் சுற்றில் தேறியிருந்தாள். சாயங்காலம் வீடு திரும்பும் பெரியவன் முன்போலப் பேசுவதில்லை என்பதைக் கவனித்தாள். சாப்பிட்ட கையோடு பாயை விரித்துப் படுத்துக்கொண்டான்.

"என்னண்ணா, புது கணக்கு கஷ்டமா இருக்கா?"

"பழகிடும். நீ உன் இன்டர்வியூவைப் பாரு."

பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் அக்கா ஒருத்தி பேருந்தில் பார்த்தபோது வேறு மாதிரி சொன்னாள். "உங்கண்ணனை யாரும் சாப்பிடக் கூப்பிடறதில்ல பாப்பா. அவனாலதான் எல்லாருக்கும் இந்த வேகம் வந்துச்சுன்னு கோவம். அவனே இப்ப எட்ட முடியாம திணறுறான்."

மேலாளரிடம் பேச வேண்டும் என்று அப்போது நினைத்தாள். இரண்டாம் சுற்று முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

புது கணக்கு வந்த ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை மதியம் ஆய்வகத்தில் இருந்தபோது போன் வந்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா நடைபாதை பெஞ்சில் மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெரியவனின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆட்காட்டி விரலும் நடுவிரலும்.

விசாரணையில் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. வலப்பக்கப் பொத்தானைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தான். அப்படிக் கட்டிவிட்டால் ஒரு கையால் பிரஸ்ஸை இறக்கிக்கொண்டே மறு கையால் மூடியை எடுக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒன்றரை விநாடி மிச்சம். பாதுகாப்பு ஏற்பாட்டைத் தொழிலாளியே கெடுத்தார் என்று தாளில் எழுதினார்கள்.

சின்னவள் வீட்டுக்கு வந்து தன் பதிவுத்தாள்களை எடுத்து விரித்தாள். மேலிருந்து கீழ்வரை நூறு, நூறு, நூறு. பென்சிலை எடுத்து அந்த இடத்தில் நூற்றிருபத்தைந்து போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்தாள். ஒரு மூடிக்குப் பத்து விநாடி. ஷிப்டுக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றி எண்பது. யாரோ எந்தக் காலத்திலோ வைத்த கணக்குக்கும் இதற்கும் எண்பது மூடிதான் வித்தியாசம். அம்மா காபி கொண்டுவந்து வைத்து, ஏன்டி இப்படி உட்கார்ந்திருக்கே என்று கேட்டபோது அவள் தாள்களை அள்ளிக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் தன் அறிக்கைக்கு வழிகாட்டிய பேராசிரியையிடம் தாள்களைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே ஆளை மட்டும் அளந்திருக்கே. அதுவும் சொந்த அண்ணனை. நான் கேட்டிருக்கணும். கேட்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மேலாளரிடம் போனபோது அவர் அறிக்கையை மூடியே வைத்திருந்தார்.

"அறிக்கை நல்லாத்தானேம்மா இருந்துச்சு."

"தப்பு சார். நான் போட்ட மதிப்பு தப்பு. மறுபடி அளக்கணும். வேற மூணு பேரை, மூணு நாள்."

"உங்கண்ணன் பட்டையைக் கட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அதை நல்லா புரிஞ்சுக்க."

அவள் எழுதிக்கொண்டுவந்த கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். பேராசிரியையும் ஒரு கடிதம் அனுப்பினார். இரண்டு மாதம் இழுத்தடித்தபின் மறு அளவு நடந்தது. பலகையில் 2900 என்று மாற்றினார்கள். விசாரணைத் தாளில் மட்டும் ஒரு எழுத்தும் மாறவில்லை.

கட்டுப் பிரித்த அன்று அவள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டு முடித்துச் சொன்னான்.

"நான்தான் அன்னிக்கு அப்படி அடிச்சேன். நீ எதிர்ல நின்னு எழுதிட்டிருந்தே. மெதுவா செஞ்சா உனக்குத்தானே கேவலம்னு நினைச்சேன்."

"அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ணா. என் படிப்பே அதுதான்."

"விடு," என்றான். அவன் அவளைக் குறை சொன்னது அன்றும் இல்லை, பிறகும் இல்லை. ஆனால் வேலையைப் பற்றி அவளிடம் பேசுவதை அதோடு நிறுத்திவிட்டான்.

பெரிய நிறுவனத்தின் கடைசிச் சுற்றில், உங்கள் அறிக்கையால் என்ன பலன் கிடைத்தது என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் குனிந்து எதையோ எழுதினார்கள். அந்த வேலை வரவில்லை. எட்டு மாதம் கழித்து வெளியூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே ஒரு ஆளை மட்டும் அளந்து அவள் கணக்குப் போடுவதில்லை, மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்தினாலும். மந்தமானவள் என்று பெயர் எடுத்திருக்கிறாள்.

பெரியவன் இப்போது ஸ்டோர் பகுதியில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறான். மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்கு வரும்போது பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பான். அவன் எப்போதும் கழுத்து வழியாகப் போடும் பனியன்களையே போடுகிறான் என்பதைப் பல மாதம் கழித்துத்தான் அவள் கவனித்தாள். சட்டைப் பித்தான் போட அவனுக்கு வெகுநேரம் பிடிக்கிறது, அம்மாவிடம் கேட்கவும் கூச்சம். அடுத்த முறை அவள் அதுமாதிரி இரண்டு வாங்கிவந்து கட்டிலில் வைத்தாள்.

"கலர் நல்லாருக்கு," என்றான். இடது கையால் மடித்து உள்ளே கொண்டுபோனான். அவள் அறையிலேயே நின்றாள், அம்மா சாப்பிட வாங்க என்று இரண்டாம் முறை கூப்பிடும்வரை.