படகு வண்டியும் ஜானி பாஷாவின் மூக்கும்

சக்கரத்தை முகர்ந்து பார்க்காமல் ஜானி பாஷா ஸ்பேனரைத் தொடுவதில்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, புளியமரத்தடியில் அவருடைய பட்டறை. வண்டி வந்து நின்றதும் லுங்கியை மடித்துக் கட்டி மண்டியிடுவார். கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தின் நடுவில் மூக்கை வைப்பார். "கருகல் வாசனைன்னா பிரேக்கு கவ்விக்கினு இருக்குது. எண்ணெ வாசனைன்னா ஆயில் ஒழுகுது. ஒரு வாசனையும் இல்லியா, டிரைவர் பொய் சொல்றான்."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. டீ கொண்டுவரும் மனைவி வஜீதாவுக்கு இந்த மூக்கின்மேல் மரியாதை கம்மி. "பிரேக்கு கருகினா தெரியுது, அடுப்புல சால்னா கருகினா மட்டும் தெரியல."

எண்பத்திரண்டாம் வருடம் சித்திரையில் ஒரு பகல், பட்டறை வாசலுக்கு ஒரு படகு வந்தது. சாத்தனூர் அணைக்குப் போகிற படகு. ஜீப்புக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரில் ஏறியிருந்தது. இரண்டு சக்கரமும் புகைந்தன. ஓட்டிவந்த வேணு மெட்ராஸ்காரன்.

"பாய், பொழுது சாயறதுக்குள்ள படகு தண்ணில இருக்கணும். நாளைக்குப் படகு சவாரி திறப்பு விழா. போன தபா ஒரு ஏரியில படகை இறக்க ரிவர்ஸ் எடுக்க முடியாம படகோட திரும்பினேன். இன்னிக்கும் அப்படின்னா மொதலாளி என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாரு."

ஜானி பாஷாவின் கண் மின்னியது. படகு வண்டிக்கு பிரேக் பார்ப்பது அவருக்கு இதுவே முதல் தடவை. "சக்கரம் இருந்தா அது நம்ம சொந்தக்காரன்!" முகர்ந்தார். கருகல். கழற்றினால் உள்ளே தண்ணீர் பட்டுக் கெட்டித்துப்போன துரு. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். முன்னால் ஓட்டினால் சக்கரம் பம்பரமாகச் சுற்றியது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பின்னால் எடுத்தால் கவ்விக்கொண்டது!

மறுபடி கழற்றினார், முகர்ந்தார். ஒரு வாசனையும் இல்லை. "தெரிஞ்சுபோச்சு! ரிவர்ஸ்ல நீ பிரேக்கை மிதிக்கிற!"

வேணு இறங்கிச் சாவியை நீட்டினான். "நீங்களே ஓட்டிப் பாருங்க பாய்."

ஓட்டினார். கவ்வியது. கூட்டத்தில் நின்ற இருசப்பன், தேரோட்டத்தில் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர், வாயிலிருந்த பீடியை எடுத்தார். "இன்னா பாய், இப்ப பொய் சொன்ன டிரைவர் யாரு?"

சிரிப்பு அடங்குவதற்குள் ஜானி பாஷா, ஜீப்பையும் டிரெய்லரையும் சேர்க்கும் கொக்கிக்கு அருகே படுத்துவிட்டார். "மெதுவா முன்னால போ. இப்ப பின்னால வா." கொக்கியோடு சேர்ந்த தண்டு ஒன்று வெளியே வந்தது, உள்ளே போனது. துள்ளி எழுந்ததில் தலை இரும்பில் மோதியது.

"வஜீதா! இங்க வா! முட்டினா புடிக்கிற பிரேக்கு இது! ஜீப் நின்னா படகு வந்து முட்டும், தண்டு உள்ள போவும், பிரேக்கு புடிக்கும். ரிவர்ஸ்ல ஜீப்பே போயி முட்டுது. முட்டினது யாருன்னு தண்டுக்கு இன்னா தெரியும்? நான்தான் தப்பான எடத்தை மோந்துக்கினு இருந்தேன்!"

"ஊருக்கே சொல்லுங்க," என்றாள் வஜீதா, மண்டையில் தேய்க்கத் தேங்காய் எண்ணெயை நீட்டியபடி.

தண்டு உள்ளே போகாமல் தடுக்க ஒரு கட்டை போதும். இருசப்பன் புளியங்கட்டையில் விரல் நீளத்துக்குச் செதுக்கித் தந்தார். "படகை இறக்கினதும் எடுத்துடணும் பாய். மறந்துட்டு ரோட்டுக்கு வந்தா டிரெய்லருக்கு பிரேக்கே கெடையாது."

"அது என் பொறுப்பு அண்ணே." கட்டையோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டார்.

அணைக்கரையில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கட்டையைச் செருகியதும் ஜீப் சரிவில் பின்னால் இறங்கியது. சக்கரங்கள் தடையில்லாமல் உருண்டன. படகு வழுக்கி, தண்ணீரில் ஒருமுறை அமுங்கி, நிமிர்ந்து மிதந்தது. வேணு துண்டைச் சுழற்றி விசிலடித்தான். எல்லோரும் படகையே பார்த்தார்கள்.

ஜானி பாஷா பார்க்கவில்லை. சேற்றில் மண்டியிட்டுக் கட்டையைப் பிடுங்கினார். அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒருமுறை ஆழமாக இழுத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.