தேவராஜ் அண்ணன் ஊற்றாத எண்ணெய்

தேவராஜ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி நம் ஷெட்டின் வாட்ஸ்அப் குழுவில், காலை ஷிப்ட் பட்டியலுக்குக் கீழே வந்தது. எந்த டிரைவர் லீவு என்று தேடிக்கொண்டிருந்த நான் அதைத் தாண்டிப் போய்விட்டு, திரும்ப வந்து படித்தேன். மாரடைப்பு. ஸ்ரீராம்புரத்து வீட்டில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டாராம். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: "தங்கமான மனுஷன். அந்த ஆயில் மேட்டர்ல மட்டும் சறுக்கிட்டாரு." அதற்கும் நாலு பேர் கட்டை விரலை உயர்த்தியிருந்தீர்கள்.

எழுதியவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அந்த வரி அப்படியே நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஆனேக்கல் பக்கம் இருக்கும் நம் ஷெட்டில், தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்களுக்கு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர் அவர். நான் கிருஷ்ணகிரியிலிருந்து டிப்ளமோவோடு வந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள். ஒவ்வொரு பஸ்ஸிலும் எஞ்சின் எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது என் திரையில் தெரியும். கொஞ்சம் ஏறினாலும் அவர் முன்னால் போய் நிற்பேன். "வந்துட்டாங்கப்பா டாக்டரம்மா! எந்த வண்டிக்கு ஜுரம்?" என்பார். ஒருமுறை எண்ணெய் மாற்றிய மறுநாளே நாலு டிகிரி கூடியிருக்கிறதே என்று சண்டைக்குப் போனேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த தபா கெட்டி ஆயில் போட்டிருக்கேன்மா. கொஞ்சம் சூடு காட்டும், பயப்படாத. சூடு மாறிச்சுன்னா ஒடனே ஆயில திட்டக் கூடாது. ரோடு மாறிச்சா, லோடு மாறிச்சா, கை மாறிச்சா, மூணையும் கேக்கணும்." அன்றைக்கு எனக்கு அது வெறும் வாய்ச்சவடாலாகத்தான் பட்டது.

நம் ஷெட்டின் தரை சரிவு என்பது உங்களுக்குத் தெரியும். வண்டிகள் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அண்ணன் எண்ணெய் அளவு பார்க்க வேண்டுமென்றால் வண்டியைக் கேட்டுக்கு வெளியே சிமெண்ட் தரைக்குக் கொண்டுபோவார். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீயைப் பொறுமையாகக் குடித்து முடிப்பார். அதற்கப்புறம்தான் எஞ்சினில் செருகியிருக்கும் எண்ணெய் அளவுகோலை உருவுவார். "அண்ணன் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டாரு" என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். டீ குடிக்க ஒரு சாக்கு என்றே நினைத்தேன்.

நான் சேர்ந்த எட்டாவது மாதம் அது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு பஸ்ஸுக்கு எண்ணெய் மாற்றினார். திங்கள் காலை அந்த பஸ் சரிவில் நின்ற இடத்திலேயே நான் கோலை உருவிப் பார்த்தேன். குறைவாகக் காட்டியது. டிரம்மிலிருந்து இரண்டு லிட்டர் எடுத்து ஊற்றினேன். மெக்கானிக் தவிர யாரும் எண்ணெய் ஊற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பொம்பளைக்கு ஷெட்டில் என்ன வேலை என்று கேட்டவர்கள் நடுவில், எனக்கும் எல்லாம் தெரியும் என்ற திமிர். யாரும் பார்க்கவில்லை.

எண்ணெய் குறையவே இல்லை. கோல் முன்பக்கம் இருக்கிறது, சரிவில் எண்ணெய் பின்பக்கம் ஓடியிருந்தது, அவ்வளவுதான். அளவுக்கு மேல் எண்ணெய் போனால் உள்ளே சுழலும் தண்டு அதைத் தயிர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெய் சூட்டை வாங்கிக்கொண்டு போகாது. அன்று மதியமே என் திரையில் சூடு விறுவிறுவென்று ஏறியது. நான் டிரைவருக்குப் போன் போடுவதற்குள், ஓசூர் ரோட்டில் ஐம்பது பேரோடு வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் போயே போய்விட்டது.

மேனேஜர் முன்னாலேயே அண்ணன் எண்ணெயை வடித்து அளந்தார். இரண்டு லிட்டர் அதிகம். ஒரு நிமிடம் அந்தக் கேனையே பார்த்தார். "நான் அளவாத்தான் ஊத்துனேன் சார். அப்புறமா யாரோ கை வெச்சிருக்காங்க" என்றவர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "யாருப்பா ஊத்துனது? சொல்லிடுங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்." நான் அவருக்கு எதிரிலேயே, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. "ஆயில் மாத்துனது நீ. நடுவுல வேற எவன்யா வருவான்?" என்று மேனேஜர் கத்தினார். அறிக்கையை டைப் செய்தது நான்தான். 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று அடித்தது இந்த விரல்கள்தான். பாவி நான்.

அதற்குப் பிறகு அவரை எஞ்சின் பக்கமே விடவில்லை. டயர் கழற்றுவதும் வண்டி கழுவுவதுமாக ஐந்து வருடம். முதல் வாரத்திலேயே ஒருநாள், நான் சரிவில் நின்ற இன்னொரு பஸ்ஸின் கோலை உருவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். "வெளிய மட்டத்துல நிறுத்திப் பாரும்மா" என்றார். குழாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னாரா, தெரிந்துகொண்டுதான் சொன்னாரா, கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. "சரிண்ணா" என்றேன். சரிண்ணாவாம்! வேலை நிரந்தரமானதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அப்புறம் இன்சார்ஜ் ஆனதும் என்றிருந்தேன். அப்புறம், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அவரோ தினமும் காலையில் "ஊட்டா ஆய்த்தா, சாப்ட்டியாம்மா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

செய்தி வந்த அன்றே ஸ்ரீராம்புரம் போனேன். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவரை வைத்திருந்தார்கள். அவர் மனைவி செல்வி அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "ஆபீஸ்ல அவர பத்தி எதுனா எழுதுவீங்களாமே. அந்த ஆயில் விஷயத்த மட்டும் விட்டுடும்மா. தப்பு பண்ணா ஒத்துக்கய்யான்னு நானே எத்தினி தபா சண்ட போட்டிருக்கேன். நான் ஊத்தல, நான் ஊத்தலன்னு ஒரே புடிவாதம்."

வீட்டிலும் அவரை யாரும் நம்பவில்லை. அது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. ஷெட்டில் மானம் போனாலும் வீட்டில் ஒரு ஆறுதல் இருக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன்.

"அக்கா, ஊத்துனது நான்" என்றேன். புரியாமல் பார்த்தார். மறுபடியும் சொன்னேன், காலையில் கோலை உருவியதிலிருந்து எல்லாவற்றையும். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையை விட்டுவிட்டு எழுந்து போய், பெட்டியின் கண்ணாடியை விரலால் தட்டினார். தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி. "யோவ், கேட்டியா? நீ ஊத்தலயாம்யா. நீ ஊத்தலயாம்."

அந்த அறிக்கை பொய் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வேலை போனால் போகட்டும். அண்ணனிடமிருந்து உங்களுக்கு அவருடைய கேலி, அவருடைய கைவேலை என்று எவ்வளவோ மிச்சம் இருக்கும். எனக்கு மிச்சம் அக்கா சொன்ன அந்த ஒரு வரிதான். அவர் காது கேட்கிற காலத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வரி.