வலியைத் திருப்பிக் கொடுத்த பெருமாள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தை அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் எல்லோரும் வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தபோது, நான் வெல்லத்தோடு பத்து வலி மாத்திரைகளையும் சேர்த்துக் கரைத்தேன். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, குனிய முடியாததால் படியில் நின்றபடியே போட்டேன். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். அந்தக் குளத்து மீன்களில் எதற்காவது இடுப்புவலி இருந்திருந்தால் அன்றைக்கே குணமாகியிருக்கும்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உள்ளூர் அன்பர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பெருமாள் வைத்தியர் என்று பேர் வாங்கியவர். அமாவாசையில் குளத்தில் வெல்லம் போட்டால், அது கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்பது நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. இன்றைக்கும் உண்டு. மாத்திரையைக் கரைக்கச் சொல்லி யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இயந்திர உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுத்தேன். தலைப்பு, "முதுகைக் கெடுத்துக்கொள்ளாமல் பாரம் தூக்குவது எப்படி." தூக்கிக் காட்டினேன். இடுப்பில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படித் தூக்கக் கூடாது என்பதை என் அளவுக்கு யாரும் தெளிவாகக் கற்பித்திருக்க முடியாது.

அன்று ஆரம்பித்த வலி வலது இடுப்பில் கிளம்பி, தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கு இறங்கி, கட்டைவிரலில் போய் உட்கார்ந்துகொண்டது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பது மாதிரி. தினமும் கம்பெனி வேனில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். பெரியபாளையம் தாண்டுவதற்குள் எத்தனை வேகத்தடை என்று என் இடுப்பைக் கேட்டால் சொல்லும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ என் இடத்தில் பாதியை வாங்கிக்கொண்டது மாதிரி உட்கார்ந்து போவேன்.

டாக்டரைப் பார்த்தேன். பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "முடிஞ்சதும் வாங்க, ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார். மாத்திரையை வாங்கினேன். போடவில்லை. திரும்பியும் போகவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னிடம் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் ஒருவர் மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கினார். இப்போது டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அது முதல் பாகம். இரண்டாம் பாகம் தத்துவம். வலி என்பது உடம்பின் அலாரம். மாத்திரை போடுவது அலாரத்தின் ஒயரைப் பிடுங்குவது. பாதுகாப்பு அதிகாரியே அலாரத்தைப் பிடுங்கலாமா?

என் மனைவி பத்மா இந்தப் பிரசங்கத்தை ஒரு முறைதான் முழுதாகக் கேட்டாள்.

"அவரு யாரையும் கேக்காம வருஷக்கணக்கா முழுங்கினவரு. உங்களுக்கு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்காரு. ரெண்டும் ஒண்ணாங்க?"

"எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கு பத்மா."

"அப்படியா? அந்தக் கொள்கை காலையில பாத்ரூம்ல உக்காந்து எழுந்திருக்கும்போது ஏன் பெருமாளேன்னு கத்துது?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சாட்சி சொல்ல வந்த இடத்தில் பொய் எதற்கு. கொள்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். மாத்திரை போட்டால் பத்து நாள் முடியும். பத்து நாள் முடிந்தால் ஸ்கேன். ஸ்கேன் எடுத்தால் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்கள். மாத்திரை போடாதவரை நான் இன்னும் வைத்தியத்தையே ஆரம்பிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

அப்படியே கார்த்திகை போனது, மார்கழி போனது. களைத்துப்போனேன். வலியைவிட அந்தக் களைப்புதான் பெரிது. குளித்துவிட்டு வந்து நின்றால் ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருக்கும். சாக்ஸை பத்மா மாட்டிவிடுவாள். மாட்டிவிடுகிறவள்மேலேயே எரிந்து விழுவேன். புத்தகத்தைப் பிரித்தால் அதே பக்கம், அதே வரி. சனிக்கிழமை பஜனைக்குத் தரையில் உட்கார முடியாது, நாற்காலி கேட்கக் கூச்சம். அதனால் போகவில்லை. 'எப்படி இருக்கீங்க' என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது. இப்படியே இன்னும் எத்தனை வருஷம் என்று வேன் ஜன்னலில் சாய்ந்துகொண்டு யோசிப்பேன். அழுகைகூட வராது. கொட்டாவிதான் வரும்.

அந்த நிலையில்தான் தை அமாவாசை வந்தது. குளத்துப் படியில் நின்று வேண்டிக்கொண்டேன். "பெருமாளே, இனி இந்த மாத்திரையைத் தொட மாட்டேன். நீயே வைத்தியர். இந்த வலியை நீயே எடுத்துக்கொள்." பத்தையும் போட்டேன். பக்கத்தில் வெல்லம் கரைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இன்னா பூஜைங்க இது?" என்று கேட்டார். "விசேஷ வேண்டுதல்" என்றேன்.

மாசி அமாவாசைக்கு மறுநாள் காலை கண் விழித்தேன். வலி இல்லை.

எழுந்து நின்றேன். இல்லை. நடந்தேன். இல்லை. நான்கு மாதமாக வீட்டில் குடியிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனது மாதிரி. பூஜை அலமாரி முன்னால் நின்று அழுதேன். வேன் ஏறியதிலிருந்து பேச ஆரம்பித்தேன். கவரைப்பேட்டையில் ஏறிய ஃபிட்டர் சாமுவேலுக்கு முதலிலிருந்து மறுபடி சொன்னேன். குளம், மாத்திரை, வேண்டுதல், எல்லாம். "ஸ்தோத்திரம் சார்" என்று சந்தோஷப்பட்டார். கேன்டீனில் எல்லோருக்கும் என் செலவில் போண்டா. டயாலிசிஸ்காரருக்குப் போன் செய்து, இனிமேலாவது பெருமாளை நம்புங்கள் என்று புத்தி சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. அவர் என்னைவிடப் பெரிய பக்தர்.

மூன்றாம் நாள், இரும்பைக் கடைகிற லேத் ஓடும் கூடத்தில் ரவுண்டு போய்க்கொண்டிருந்தேன். சாமுவேல் ஒரு மோட்டாரின்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுகிற ஆள். என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார்.

"சார், அங்கியே நில்லுங்க. மறுபடி இப்படி நடந்து வாங்க."

"எதுக்குப்பா?"

"நடங்க சார், சொல்றேன்."

நடந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"லெஃப்ட் காலு டக்கு டக்குன்னு வெக்கிறீங்க. ரைட்டு காலு பொத்துனு வுழுது. ரெண்டு நாளா கேட்டுக்கினுதான் இருக்கேன்."

"வலி போன குஷியில நடக்கறேன் சாமுவேல்."

"குஷி ஒரு கால்ல மட்டுமா சார் வரும்? ஷூவக் கழட்டுங்க."

ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கழற்றினேன். சாக்ஸின் நுனி முழுக்கச் சிவப்பாக நனைந்திருந்தது. லேத்திலிருந்து தெறிக்கிற இரும்புச் சுருள் ஒன்று, சுண்டுவிரல் நீளம், ஷூவுக்குள் கிடந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"விரல மேல தூக்குங்க சார்."

தூக்கச் சொன்னேன். என் கால்தான், ஐம்பத்திரண்டு வருஷப் பழக்கம். கட்டைவிரல் என்னை யாரோ என்பது மாதிரி பார்த்துக்கொண்டு கிடந்தது.

"ஆனா வலி போயிடுச்சே சாமுவேல்" என்றேன். 

அவர் தன் கைக்குட்டையை என் காலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "அலாரம் நின்னா நெருப்பு அணைஞ்சிட்ச்சுன்னு அர்த்தமா சார்? ஒயரு எரிஞ்சி பூட்டிருந்தாலும் நின்னுடும். நீங்கதானே கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தீங்க." கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அது அடிச்சப்போ இன்னான்னு போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"நாலு மாசமா அது அடிக்கறத சும்மா கேட்டுக்கினா இருந்தீங்க?"

என் தத்துவத்தின் இரண்டாம் பாகம் அந்த இடத்தில் முடிந்தது. ஒயரைப் பிடுங்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு, அலாரம் அடித்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது தோன்றவே இல்லை.

கம்பெனி ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். நான்கு மாதமாகப் பயந்த ஸ்கேன் இருபது நிமிஷத்தில் முடிந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, நரம்பு செயலிழந்துகொண்டிருக்கிறது, நாளைக் காலையே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் பாதம் இப்படியே தொங்கிவிடலாம். செய்தாலும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

"வலி எப்ப நின்னுச்சு?"

"மூணு நாள் ஆச்சு டாக்டர்."

"அன்னிக்கே ஓடி வந்திருக்கணும். வலி போய் கால் மரத்துப்போனா அது குணம் இல்லீங்க."

அன்றைக்கு நான் போண்டா வாங்கிக் கொடுத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். பத்மா என் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள். அவள் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. அதுவரை வராத அளவுக்குப் பயம் அப்போது வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். படித்த சுலோகம் எதுவும் ஞாபகம் வரவில்லை. "பெருமாளே, தப்பாகக் கேட்டுவிட்டேன். எடுத்துக்கொள் என்றேன், எடுத்துக்கொண்டாய். தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடு. எனக்கு அந்த வலி வேண்டும்." என் வாழ்க்கையில் பிரசங்கம் கலக்காமல் செய்த ஒரே பிரார்த்தனை அதுதான் என்று நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்தது. தினமும் பதினொரு மணிக்குப் பிசியோதெரபி தம்பி ஒருவர் வருவார். குண்டூசியால் கட்டைவிரலைத் தொட்டு, "தெரியுதா?" என்பார். முதல் நாள் தெரியவில்லை. இரண்டாம் நாள் தெரியவில்லை. பத்மா என் போர்வையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மூன்றாம் நாள் தொட்டார்.

"ஆ!" என்றேன்.

"எங்க சார்?"

"கட்டைவிரல்! இன்னொரு தடவை குத்துங்க!"

குத்தினார். வலித்தது. அன்பர்களே, வலித்தது. நான் அழுதேன், பத்மா அழுதாள். "இன்னும் கொஞ்சம் பலமா" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் அவசரமாக மணியை அடித்து நர்ஸைக் கூப்பிட்டார்.

சாயங்காலம், அதுவரை போட்ட வலி ஊசியின் வேகம் தீர்ந்ததும், அறுத்த இடமும் சேர்ந்து வலிக்க ஆரம்பித்தது. நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரை கொண்டுவந்தார். பத்மா என்னையே பார்த்தாள். நான் அந்த மாத்திரையைப் பார்த்தேன்.

"இது எத்தனை நாளைக்கும்மா?"

"அஞ்சு நாள் சார், சாப்பிட்டப்புறம். உங்க கிட்னி ரிப்போர்ட் பாத்துட்டுத்தான் டாக்டர் எழுதியிருக்காங்க."

இவ்வளவுதான். ஐப்பசியிலேயே நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. வாயைத் திறந்து கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் கிடைத்திருக்கக்கூடிய பதில். விழுங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு அசந்து தூங்கினேன். என் கொள்கையும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

இப்போது வைகாசி. விரல் முக்கால்வாசி தூக்குகிறது. மீதிக் கால்வாசிக்காகக் காலில் ஒரு பட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறேன். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது, மனசும் கொஞ்சம் தளர்கிறது. டயாலிசிஸ்காரரை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை பஜனையில் நாற்காலி கேட்டு வாங்கி உட்காருகிறேன். சித்திரை அமாவாசைக்கு வெல்லம் கொண்டுபோனேன். வெல்லம் மட்டும். கிளம்பும்போது பத்மா என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

அவர் என் பிரார்த்தனையைக் கேட்டார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. திருவள்ளூரில் கேட்டதற்குக் கும்மிடிப்பூண்டியில், லேத் இரைச்சலுக்கு நடுவே, ஒரு ஃபிட்டரின் காது வழியாகப் பதில் சொன்னார். நான் கோயிலிலேயே காத்திருந்ததால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வலியோடு இதைப் படிக்கிற அன்பர்கள் யாராவது இருந்தால், வெல்லம் வாங்கிக்கொண்டு வாருங்கள், நம்பிக்கையோடு கரையுங்கள். அதே கையோடு டாக்டரிடமும் போய், மாத்திரை வேண்டுமா, எத்தனை நாளைக்கு, ஏன் வலிக்கிறது என்று கேளுங்கள். வலி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனால் இன்னும் வேகமாகப் போங்கள். கேட்கிறவனுக்கு அவர் கொடுக்கிறார். எனக்கே கொடுத்தாரே.

இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று போன வாரம் வேனில் சாமுவேலிடம் சொன்னேன்.

"எழுதுங்க சார். நான் எங்க சர்ச்சுல போன மாசமே சாட்சி சொல்லிட்டேன். அல்லாரும் அழுதுட்டாங்க."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. "குளத்துல மாத்திரை கரைச்சதையுமா சொன்னே?"

"அத மட்டும் வுட்டுட்டேன் சார்" என்றார் சாமுவேல். "இவ்ளோ படிச்ச ஆளு அப்டி செஞ்சாருன்னா, மிச்ச சாட்சியையும் நம்ப மாட்டாங்க."