ஒன்பது பிள்ளைகளும் ஒரு கையெழுத்தும்

வெர்ன் ஹால்வர்சன் ஒரு இடத்தில் நின்று எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. சர்ச் ஆல்பத்தைப் புரட்டினால் எந்தப் படத்திலும் மனுஷர் பாதி உடம்போடு வெளியே போய்க்கொண்டிருப்பார். பனிக்காலத்தில் எங்கள் ரோடுகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுவார், கோடையில் அதே ரோடுகளில் குழி அடைப்பார், மிச்ச நேரமெல்லாம் சாரணர் குழுதான். மகன் டேல் பதினோரு வயதில் சாரணனாகச் சேர்ந்தபோது துணைக்குப் போனவர். டேல் வளர்ந்து, அரிசோனாவுக்குப் போய், ஏசி ரிப்பேர் பார்த்து, இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான். அப்பா மட்டும் இன்னும் அரைக்கால்சட்டையோடு ஒவ்வொரு ஜூலையும் ஒரு வாரம் ஏரிக்கரை முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம்!

அந்த வருஷம் பிள்ளைகள் ஒன்பது பேர். ஞாயிறு காலை கிளம்பவேண்டும். முந்தின திங்களன்றே வெர்ன் டிரெய்லரின் பின்விளக்கை நாலு தடவை சரிபார்த்துவிட்டார். கூடார முளைகளை எண்ணி, கலைத்து, மறுபடி எண்ணினார். மனைவி லொரெய்ன் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப்போடுகிறவள், கோடையில் அவளுக்கு லீவு. அவள் உருளைக்கிழங்கு உரித்தபடி, "முளைக்குக் கால் முளைச்சு ஓடிடவா போகுது? உக்காந்து சாப்பிடு" என்றாள். அவர் ஒரு சாஸேஜை ரொட்டியில் சுருட்டிக்கொண்டு நடந்துகொண்டே தின்றார்.

முளையைவிடப் பெரிய தலைவலி மருத்துவப் படிவம். முகாமுக்கு வருகிறவர் சின்னவரோ பெரியவரோ, பன்னிரண்டு மாதத்துக்குள் டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அது இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் நர்ஸ் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். வெர்ன் மே மாதத்திலிருந்தே தாய்மார்களை விரட்டினார். ஒரு தாள் தடுப்பூசித் தேதி இல்லாமல் வந்தது, ஒன்றில் காப்பி கொட்டியிருந்தது, இரண்டையும் திருப்பி அனுப்பினார். கடைக்கு வந்த இடத்தில்கூட விடவில்லை. "என்னம்மா, பையனோட தாள் எங்க? முட்டை வாங்க ஞாபகம் இருக்கு, இதுக்கு மட்டும் இல்லையா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிடுவார். வாய் கொஞ்சம் நீளம்தான் அவருக்கு.

அந்த மனுஷர் தன் தாளை மட்டும் மறந்துவிட்டார். ஒன்பது பேரைத் துரத்துகிற அவசரத்தில் தானும் ஓர் ஆள் என்பதே அவர் நினைவில் இல்லை. புதன்கிழமை காலை ரெனே கபான்ஸ்கி போன் செய்தாள். பிப்ரவரியில்தான் குழுவில் சேர்ந்த ஒரு பையனின் அம்மா, பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். அந்த வருஷம் கூட வருகிற இரண்டாவது பெரியவர் அவள்தான்.

"பத்துத் தாள்தான் இருக்கு, வெர்ன். ஒன்பது பசங்களோடது, என்னோடது. உங்களோடது எங்க?"

வெர்ன் போனை வைத்தார். அப்படியே லாரியைத் திருப்பி மருத்துவமனைக்கு விட்டார்.

டாக்டர் சின்னப் பெண். அவளுடைய தம்பியும் ஒரு காலத்தில் வெர்னின் குழுவில் இருந்தவன்தான். "ஒரு கையெழுத்து டாக்டரம்மா, ரெண்டு நிமிஷம். வண்டி ரோட்டுல நிக்குது" என்றார் வெர்ன். அவள் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி ஊதினாள், எண்ணைப் பார்த்தாள், மறுபடி ஊதினாள்.

"நூத்தி எண்பத்தெட்டு. உங்களுக்குத் தலை சுத்துமா?"

"இந்தப் பசங்களோட இருந்தா யாருக்குத்தான் சுத்தாது?"

அவள் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்தாள், வெள்ளிக்கிழமை வரச்சொன்னாள். இரண்டு நாளும் வெர்ன் உப்பைத் தொடவில்லை, காப்பியை விட்டார், யாரோ சொன்னார்கள் என்று பீட்ரூட் சாறுகூடக் குடித்தார். ஆனால் உட்கார மட்டும் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை நூற்று எழுபத்தாறு.

"அங்கேயிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்கு ஏதாவது ஆனா ஒன்பது பசங்க பக்கத்துல நின்னு பாக்கணும். நான் போடமாட்டேன், வெர்ன். கோவிச்சுக்காதீங்க" என்றாள் டாக்டர்.

இரண்டு பெரியவர்கள் இல்லாமல் முகாம் எந்தக் குழுவையும் உள்ளே விடாது. அதுவும் பதிவு செய்து பாதுகாப்புப் பயிற்சி முடித்த பெரியவர்கள். வெர்ன் காரில் உட்கார்ந்தபடியே அப்பாமார்களுக்கு வரிசையாகப் போன் போட்டார். ஒருவருக்கு வைக்கோல் அறுப்பு. ஒருவருக்கு சீஸ் ஆலையில் ஷிஃப்ட். இன்னொருவர் வரத் தயார்தான், ஆனால் பதிவும் இல்லை, பயிற்சியும் இல்லை, ஒரு நாளில் நடக்கிற காரியமும் இல்லை. ஒன்பது பிள்ளைகளும் வருஷம் முழுக்க இந்த ஒரு வாரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் நீச்சல் சோதனைக்காகக் குளத்தில் உதடு நீலமாகும்வரை பழகியிருந்தான். அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெர்னுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் புத்தி கெட்டது. போன வருஷத் தாள் கார் டிராயரில் கிடந்தது. ஆறாம் மாதம் மூன்றாம் தேதி கையெழுத்தானது, கெடு முடிந்து ஐந்து வாரமாகியிருந்தது. ஆறை எட்டாக்க ஒரு வளைவு போதும். எட்டாம் மாதம் என்றால் இந்த முகாம் முடிகிறவரை செல்லும். நீலப் பேனாவை எடுத்தார், வேலை முடிந்தது. தாளை ரெனே வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் மாலை முழுக்கக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டேயிருந்தார். கையெழுத்து கிடைத்ததா என்று லொரெய்ன் கேட்டதற்கு, "எல்லாம் ஆச்சு" என்றார் முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை காலை சர்ச்சின் கீழ்க்கூடத்தில் பை சோதனை. கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லாரும் பையைத் தரையில் கவிழ்க்கவேண்டும், வேண்டாததை வெர்ன் பொறுக்கி வெளியே போடுவார். அன்று ஒரு பையிலிருந்து தலைக்கு ஊதும் டிரையர் விழுந்தது.

"டேய், ஏரியை இதை வெச்சுக் காயவைக்கப்போறியா?"

"அம்மா வெச்சாங்க சார்!"

"அம்மாவையும் உள்ள வெச்சிருக்கியான்னு பாரு."

கூடமே சிரித்தது. வெர்னும் சிரித்தார், ஆனால் கண் ரெனேயின் மேலேயே இருந்தது. அவள் மூலை மேஜையில் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் கை நின்றது. எழுந்து வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"வெர்ன், போன வருஷ முகாமும் ஜூலைதானே?"

"ஆமா. எப்பவும் ஜூலைதான்."

"அப்போ முகாம் முடிஞ்சு ஆகஸ்ட்லயா கையெழுத்து வாங்கினீங்க?"

ஐயோ! அந்தக் கணக்கு அவர் மண்டையில் ஏறவே இல்லை. காது மடல் வரைக்கும் சூடேறியது.

"டாக்டர் போடமாட்டேன்னுட்டா" என்றார். "பசங்க போகணும் ரெனே."

"போகணும்தான். அங்க நீங்க விழுந்தா நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? அதை நினைச்சீங்களா?" கோபமும் பயமுமாகத் தாளை இரண்டாக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். "வேற ஆளைப் பாருங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணி வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அதுக்கப்புறம் எல்லார் வீட்டுக்கும் நான்தான் போன் பண்ணணும்."

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வெர்னின் முகம் வெளுத்திருந்தது. சமையலறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். பிரஷர், பேனா, ரெனே, எல்லாம். தான் செய்தது அசிங்கம் என்றார். லொரெய்ன் கையைத் துடைத்துக்கொண்டு மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள்.

லொரெய்ன் ஹால்வர்சன். ஏப்ரலில் சோதித்தது. டாக்டர் கையெழுத்து, தடுப்பூசித் தேதி, ஒன்றும் குறைவில்லை.

வெர்ன் அதையே பார்த்தார். குழுவின் கமிட்டியில் ஒரு பெயர் வேண்டும் என்று சர்ச் கேட்ட நாளிலிருந்து அவள் பெயர் பதிவில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இதே மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்துவந்தாள். அவருக்கு அதெல்லாம் தெரியும். வரிசையாகப் போன் போட்டபோது அவள் பெயர் மட்டும் தோன்றவில்லை.

"இது எதுக்கு வாங்கினே?"

"ஒவ்வொரு ஏப்ரலும் வாங்குறேன்" என்றாள் லொரெய்ன். "டேல் போனதுலயிருந்து. கூட வர்றியான்னு நீ என்னைக்காவது கேட்டா, தாள் இல்லைன்னு ஆகிடக்கூடாதுல்ல."

பழைய தாள்களும் டிராயரில்தான் இருந்தன. வெர்ன் எண்ணிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "லொரெய்ன், நீ போறியா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"போறேன்" என்றாள் அவள். உடனே தூங்கும் பை எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் வாசலில் ஒன்பது பிள்ளைகளும் வேனில் ஏறிவிட்டார்கள். ரெனே ஓட்டுகிற இடத்தில். வெர்ன் டிரெய்லர் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார், முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார். ஜன்னலில் குனிந்து அடுப்பைப் பற்றி, கொசு மருந்தைப் பற்றி, மூன்றாம் நாள் மழை வந்தால் எந்தக் கூடாரம் ஒழுகும் என்பதைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னார். லொரெய்ன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகுதான் அவர் நேற்றிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ எங்க ஒரு நிமிஷம் நின்னே, சொல்றதுக்கு?"

அவள் திட்டுவதுபோல் சொல்லவில்லை, அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. பின்னால் ஒரு பையன், "சார், தள்ளுங்க, லேட்டாகுது!" என்று கத்தினான். ரெனே வண்டியை எடுத்தாள். தீவனக் கிடங்கு முக்கில் டிரெய்லர் திரும்பி மறைந்த பிறகும் வெர்ன் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.