அது மலைப்பாம்புக் குட்டி இல்லை

போன சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வெள்ளவத்தையில், கால்வாய்க்குக் கிட்ட உள்ள எங்கள் ஃப்ளட்ஸின் ஐந்தாம் மாடியில் தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். வட்ஸ்அப் சத்தம் போட்டது. ஃப்ளட்ஸ் குரூப்பில் ஒரு படம். கீழே கார் பார்க்கில், மதில் திருத்துவதற்காக எங்கோ வெளியூரிலிருந்து லொறியில் வந்து இறங்கிய செங்கல் அடுக்கு. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

படத்துக்குக் கீழே எங்கள் செயலாளர் இராசநாயகம் எழுதியிருந்தார்: "ஐந்தாம் மாடி ஐயாவின் கருத்து என்ன?"

ஐந்தாம் மாடி ஐயா நான்தான்.

பாம்புக்கு ஏன் என்னுடைய கருத்து? பேப்பரில் வரும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சில வருடங்களுக்கு முதல், வன்னியில் பன்றி வேட்டைக்குப் போன கதையை எழுதியிருந்தேன். சருகுக்குள் கிடந்த புடையன் பாம்பை நான் கண்டுபிடித்ததும், தூக்கிய காலைத் தூக்கியபடியே நிறுத்தியதும்... நல்ல வரவேற்பு. எங்கள் ஃப்ளட்ஸில் அதை வெட்டி எடுத்து, லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்ட்டில் ஒட்டினார்கள். அன்றிலிருந்து உயிரினங்கள் சம்பந்தமான சகல அலுவலும் என்னிடம்தான். ஒரு வீட்டுக் குளியலறையில் பல்லி செத்துக் கிடந்ததற்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

கண்ணாடி படுக்கை அறையில். எழுந்து போய் எடுக்கப் பஞ்சி, சோம்பல்தான். போனைக் கொஞ்சம் தூரப் பிடித்துப் பார்த்தேன். மண்ணிற உடம்பு, அதில் கருமையாகத் திட்டுத் திட்டாக ஏதோ. பத்துச் செக்கன் ஆகியிருக்காது. "பயப்பட ஒன்றுமில்லை. மலைப்பாம்புக் குட்டி. விஷம் கிடையாது. பிடித்துக் கால்வாயில் விடலாம்" என்று அடித்து, கடைசியில் ஒரு பெருவிரலும் போட்டு அனுப்பினேன். திரும்பிப் பன்னிரண்டு பெருவிரல்கள் வந்தன. நான் தேத்தண்ணிக்குத் திரும்பினேன்.

இந்த இடத்தில் எங்கள் ஃப்ளட்ஸின் குணத்தைச் சொல்ல வேண்டும். இங்கே ஒருவரும் பாம்பை அடிக்க விடமாட்டார்கள். மூன்றாம் மாடி புவனேஸ்வரி அக்காவின் வொய்ஸ் மெசேஜ் உடனேயே வந்துவிட்டது. "ஒருத்தரும் அடிச்சுப் போடாதேங்கோ. நேற்று வெள்ளிக்கிழமை நான் விளக்கு வைக்கேக்கை வந்திருக்கும். நாகதம்பிரான் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. நான் பால் கொண்டு வாறன்."

கீழே வாச்சர் பியதாச. பன்னிரண்டு வருடமாக எங்கள் கேற்றில் இருக்கிறவர். பௌர்ணமிப் போயா தவறாமல் பன்சலைக்கு, அதுதான் விகாரைக்குப் போகிறவர், ஒரு நுளம்பை அடிப்பதற்கே யோசிக்கிற ஆள். ஆக, இந்துவும் பௌத்தரும் ஒரே முடிவு: கொல்லக்கூடாது, மரியாதையாகக் கொண்டுபோய் விட வேண்டும்.

வேறு இடமென்றால் பத்தடி தள்ளி நின்று நீட்டுக் கம்பால் அலுவலை முடித்திருப்பார்கள். பாவம் புண்ணியம் பார்க்கிற எங்களுக்குத்தான் கையைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பியதாச ஏற்கெனவே இரண்டு சாரைகளை வாலில் தூக்கிக் கால்வாயில் விட்டவர். மலைப்பாம்புக் குட்டி அவருக்கு எம்மாத்திரம்? அதுவும் ஐந்தாம் மாடி ஐயாவே விஷமில்லை என்று சொன்ன பிறகு...

அடுத்ததாக ஒரு வீடியோ வந்தது. "பியதாச ரெடி" என்று இராசநாயகம் அனுப்பியிருந்தார். அதற்கிடையில் பேப்பர் பார்ப்பதற்காகக் கண்ணாடி போட்டிருந்தேன். வீடியோவைத் தட்டினேன்.

முதலில் சத்தம். பிரஷர் குக்கரில் விசில் வர முதல் நீட்டுக்கு ஒரு இரைச்சல் வருமே, அது. பிறகு முதுகு. திட்டுத் திட்டு என்று நான் நினைத்தவை நீள்வட்டங்கள். ஒன்றோடு ஒன்று கோத்தமாதிரி, தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சங்கிலி.

மலைப்பாம்பும் இல்லை, குட்டியும் இல்லை. வளர்ந்த புடையன், இந்தியாவில் கண்ணாடி விரியன் என்கிறார்களே, அது. சிங்களத்தில் பொலங்கா என்பது இதைத்தான். கடித்தால் இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகத்தில் கைவைக்கும். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் எத்தனை நாள் ஐசியூவில் கிடக்க வேண்டுமோ தெரியாது. கீழே ஒரு மனிதர் என் வார்த்தையை நம்பி அதற்குக் கையை நீட்டப் போகிறார்.

இராசநாயகத்துக்குப் போன் எடுத்தேன். வெட்டினார். திரும்ப எடுத்தேன். திரும்ப வெட்டினார். வீடியோ எடுக்கும்போது போன் கோல் வந்தால் வீடியோ குழம்புமாம், பிறகு சொன்னார். "பிடிக்க வேண்டாம்" என்று குரூப்பில் அடித்தேன். எல்லோரும் பாம்பைப் பார்க்கிற நேரத்தில் போனை யார் பார்ப்பது? பியதாசவுக்கும் எடுத்தேன்; அவருடைய போன் கேற் மேசையில் கிடந்து அடித்ததாம். லிஃப்ட் எந்த மாடியில் நின்றதோ, வருகிற பாடாக இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினேன்... அறுபத்திரண்டு வயது, ஒரு முழங்கால் ஏற்கெனவே பழுது.

அந்த ஐந்து மாடி இறங்குகிற நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது வன்னிக் காடுதான். நான் எழுதின காடு இல்லை, உண்மையில் நடந்தது.

முழங்காவில் என்கிற ஊர்ப் பக்கம். விடியற்காலை. கந்தையா அண்ணை தோளில் இடியன் துவக்கோடு எனக்குப் பின்னால் வருகிறார். அந்தக் காட்டை நன்றாகத் தெரிந்தவர். நான் கால் வைக்கப் போன நேரம், ஷேர்ட் கொலரில் பிடித்து இழுத்தார்.

"என்ன அண்ணை?"

"புடையன். அசையாதேங்கோ."

நான் பார்த்தேன். சருகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அது சீறத் தொடங்கின பிறகுதான், அதுவும் அவர் தடியை நீட்டிக் காட்டித்தான், என் கண்ணுக்குப் பட்டது. "முதுகிலை சங்கிலி கிடக்குப் பாருங்கோ. அது கிடந்தா வேறையொண்டும் பாக்காதேங்கோ. விலத்திப் போங்கோ" என்றார்.

கண்டது அவர். என் காலைக் காப்பாற்றியதும் அவர். பத்தியில் மட்டும் கண்டது நான். கந்தையா அண்ணை ஒரு வரியிலும் இல்லை. இடம் போதாது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். அந்த ஒரு பொய்யை நம்பித்தான் இப்போது ஒருவர் கை நீட்டுகிறார் என்று நினைக்க, இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.

கீழே அரை வட்டமாகப் பதினைந்து பேர். புவனேஸ்வரி அக்கா பால் டம்ளரோடு. இராசநாயகம் போனோடு. நடுவில் பியதாச குனிந்து, இடது கையில் வெறும் அரிசிப் பையைப் பிடித்தபடி, வலது கையைச் செங்கல்லுக்குப் பின்னால் விடுகிறார். கைக்கும் பாம்புக்கும் ஒன்றரை அடிகூட இருக்காது.

"எபா! பியதாச, எபா! பொலங்கா!"

வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் அவ்வளவு சத்தமாக நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவர் கையை இழுத்தார். அதே கணம் அது பாய்ந்தது. பாய்ந்ததை யாரும் காணவில்லை. 'டப்' என்று ஒரு சத்தமும், இடது கையில் பை ஆடினதும்தான் தெரிந்தது. அவர் பின்னுக்கு வந்து பையை நிலத்தில் போட்டார். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஈரப் பொட்டுகள். அக்காவின் பால் சேலையில் ஊற்றுப்பட்டிருந்தது, அவ துடைக்கவும் இல்லை.

பிறகு ஆரோ ஒரு நம்பர் தேடிக் கொடுத்து, தெஹிவளைப் பக்கமிருந்து பாம்பு பிடிக்கிற ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். வளைந்த கம்பி ஒன்று, வாயில் குழாய் பூட்டிய துணிப்பை ஒன்று, அவ்வளவுதான். எங்களை எல்லாம் கேற் வரைக்கும் தள்ளி நிற்கச் சொன்னார். பாம்பு தானாகக் குழாய்க்குள் போகும்வரை ஆறுதலாக நின்றார். கையால் தொடவே இல்லை.

பையைக் கட்டி முடித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "மலைப்பாம்பு என்று யார் சொன்னது?"

கோபமாகக் கேட்கவில்லை. போகிற இடமெல்லாம் இதைக் கேட்கிறவர்போல இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செங்கல்லைப் பார்க்கத் தொடங்கினார்கள். பதினைந்து போனிலும் என் மெசேஜ் கிடக்கிறது.

பியதாச முன்னுக்கு வந்தார். "ஒருவரும் சொல்லவில்லை, தங்கச்சி. நான்தான் அப்படி நினைத்துவிட்டேன்."

எனக்கு அந்த இடத்திலேயே கூசிப்போனது. கொஞ்சம் முதல் என் பேச்சுக்காகக் கையைக் கொடுக்க இருந்த மனிதர், இப்போது என் மானத்துக்காகப் பழியையும் எடுத்துக்கொள்கிறார். அதையும் வாங்கிக்கொண்டு மேலே போய்ப் பேப்பர் பார்க்கலாமா? ஒரு நிமிஷம் அந்த ஆசையும் வந்தது, மறைக்கவில்லை.

"இல்லை மகள், நான்தான் சொன்னேன்" என்றேன். "கண்ணாடி போடாமல், படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்."

அவர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "சொல்லாமல் இருந்திருக்கலாமே, அங்கிள்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் பியதாசவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். இரண்டு பேருக்கும் பிளேன்டீ. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அஞ்சாம் மாடி மாத்தயா சொன்னதுதானே. அதான் நான் பயப்படேல்ல." அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதைவிட என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

ஆகவே இந்த வாரம் ஒரு திருத்தம். அன்றைக்கு வன்னியில் புடையனைக் கண்டவர் கந்தையா அண்ணை, நான் இல்லை. அவருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். "அதை எழுதினீங்களோ? நான் பேப்பர் பாக்கிறேல்லை" என்று சிரித்தார். நோட்டீஸ் போர்ட்டில் இருந்த கட்டுரையையும் நானே கிழித்து எடுத்துவிட்டேன்.

நேற்று லிஃப்டில் புவனேஸ்வரி அக்கா. "தம்பி, உங்களுக்குத் தெரியாததே... இனியும் பாம்பு வருமோ?"

"தெரியாது அக்கா" என்றேன்.

இருபத்திரண்டு வருடமாகப் பத்தி எழுதுகிறேன். இவ்வளவு உறுதியாக ஒன்றைச் சொன்னது இதுதான் முதல் தடவை.