தலை மட்டும் வந்த புத்தர்

என் காதலன் நோர்வேக்காரன் என்று வீட்டில் சொன்ன அன்று அம்மா அழுதார். அழுது முடித்ததும், அவன் உறைப்புச் சாப்பிடுவானா என்று விசாரித்தார். அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒருக்கா கூட்டிக்கொண்டு வா. பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார். பிடிக்காவிட்டால் அவர் திட்டமாட்டார். அந்த ஆளைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகு வீட்டில் இருக்காது. அக்காவின் முதல் ஆளுக்கு அப்படித்தான் நடந்தது.

வெள்ளைக்காரர் பாண் தின்பார்கள், விவாகரத்து எடுப்பார்கள் என்பது அப்பாவின் முடிவு. இத்தனை வருட ஒஸ்லோ வாழ்க்கை அதை அசைக்கவில்லை. என்னவனும் லேசுப்பட்டவன் அல்ல. கீழைத்தேசத்தவர் எல்லோரும் அமைதியானவர்கள் என்று நம்பினான். நான் கத்துவதைக் கேட்ட பிறகும் நம்பினான்.

ஒரு ஞாயிறு மதியம், ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றி, கைகூப்பி, ஒரு பையை அப்பாவிடம் நீட்டினான். உள்ளே ஒரு புத்தர் தலை. தளபாடக் கடைகளில் மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் விற்பார்களே, அது.

"உங்கள் நாட்டின் அமைதி" என்றான் நோர்வேஜிய மொழியில். அப்பாவுக்கு அந்த மொழி தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அன்றுதான் ஆசைப்பட்டேன். இலங்கையிலிருந்து அகதியாக ஓடிவந்த யாழ்ப்பாணத்தானுக்குக் கொடுக்க இவனுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தார். "தலை மட்டுமோ? உடம்பு எங்கை?"

அப்பா அவனை உட்காரவைத்து, அவனுடைய மொழியில் நிதானமாக விளக்கினார். எங்கள் ஊரில் இவர் ஒரு சந்தியில் வந்து அமர்ந்தால், பின்னாலேயே ஆமி முகாமும் வந்துவிடும், அதோடு அமைதி போய்விடும் என்றார். அவன் முகம் சிவந்துவிட்டது. காரில் வைத்துவிட்டு வருகிறேன் என்று புத்தர் தலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். போனால் திரும்பி வரமாட்டான் என்று பயந்தேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "வாங்கி வையுமப்பா. அவரிலை என்ன பிழை? அவரைக் கேட்டே கொண்டுவந்து இருத்தினவங்கள்?"

எங்கே வைப்பது? அவரும் சாமி, நிலத்தில் வைக்கக்கூடாது. சாமித்தட்டில் வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஃப்ரிட்ஜுக்கு மேல், வாழைப்பழங்களுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

கீழைத்தேசத்தவர் வீட்டில் உணவை மறுத்தால் அவமரியாதை என்று எங்கோ வாசித்திருந்தவன், அம்மா போட்ட இடியப்பத்தையெல்லாம் தின்றான். பாண் தின்று காய்ந்த பிள்ளை என்று அம்மா இன்னும் போட்டார். வியர்வை வழிய அவன் தின்பதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாசலில் அவன் சப்பாத்து மாட்டும்போதுதான் அப்பா வாய் திறந்தார். அதுவரை அவனோடு நோர்வேஜிய மொழியிலேயே கதைத்தவர், தமிழில் சொன்னார்: "தம்பி, அடுத்தமுறை பிள்ளையாரைக் கொண்டு வாரும். உடம்போடை."

லிஃப்டில் இறங்கும்போது, அப்பா என்ன சொன்னார் என்று அவன் கேட்டான்.

"அடுத்தமுறை" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல விடாமல் அழுகை வந்துவிட்டது.