சிட்டு என்று கூப்பிட்டவர்

ஊர் ஊராகப் போய், ஓநாயாக உருமாறும் மனிதர்களை வேட்டையாடியதால் அவருக்கு ஓநாய்க்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதற்கு முன்பு அவர் வீடுகளுக்குக் கூரை ஓடு மாற்றிக்கொண்டிருந்தவர்.

காட்டோரம் விறகு பொறுக்கப் போன அவர் மனைவியை ஏதோ ஒன்று தோளில் கடித்தது. காயம் என்னவோ ஆறிவிட்டது. அடுத்த பௌர்ணமியில் அவள் உருமாறி, சமையலறைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினாள். தொட்டிலில் கிடந்த மகளைத் தொடவில்லை. பிறகு வீட்டுப் பக்கம் வரவும் இல்லை.

மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு அவர் கிளம்பினார். கடித்ததைப் பழிவாங்கப் போகிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. அக்காவிடம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. மற்ற வேட்டைக்காரர்கள் கையில் சிக்குவதற்குள் மனைவியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

ஓநாய் உருவில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்; செத்தால்தான் மனித முகம் திரும்பும். அதனால் ஈட்டியை ஓங்கும் முன் ஒவ்வொரு தடவையும், "சிட்டு!" என்று கூப்பிடுவார். மனைவியை அவர் செல்லமாக அழைக்கும் பெயர் அது.

"வேட்டைக்கு வந்தியா, இல்ல பொண்ணு பாக்க வந்தியா?" என்று கூட வந்தவர்கள் கிண்டலடிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். கூப்பிட்டும் நிற்காமல் பாய்ந்ததைக் குத்துவார். பிறகு ஓடிப்போய் முகத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

தலை நரைத்த பிறகு, ஒரு மாவு மில்லில் ஓநாய் புகுந்துவிட்டதென்று அழைத்தார்கள். விடிந்துகொண்டிருந்த நேரம். மூட்டைகளுக்கு நடுவே அது உறுமிக்கொண்டு நின்றது.

"சிட்டு!"

உறுமல் நின்றது. காதுகள் அவர் பக்கம் திரும்பின. அவர் ஈட்டியைக் கீழே போட்டார். அது மெல்ல மெல்ல அவரை நோக்கி வந்தது. பின்னாலிருந்து மில்காரர் சுட்டுவிட்டார்.

வெள்ளைமாவில் விழுந்து கிடந்தவள் அவளேதான். அவளுக்கும் நரைத்திருந்தது. அவர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார்.

"உங்க மேல பாயப் போகுதுன்னு நினைச்சேன், ஐயா. யாருங்க இவங்க?"

"என் வீட்டுக்காரி."

மில்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க என்ன செய்வீங்க... எந்திரிங்க. குழி வெட்டணும்."

அதன்பின் அவர் ஈட்டியைத் தொடவில்லை. நடந்தே மகளின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கதவைத் திறந்தவள், யாரோ எவரோ என்பதுபோலப் பார்த்தாள்.

"அத்தை போய்ச் சேர்ந்தப்பகூட வரல. இப்ப எதுக்கு வந்தீங்க?"

மழையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அம்மாவுக்கு உங்கள அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கிட்டக்க வந்தாம்மா."

அவள் நெடுநேரம் கதவைப் பிடித்தபடி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க. சட்டையெல்லாம் ஈரம்."